வினையூக்கி எவ்வளவு போட வேண்டும்? வினைபடுபொருளுக்கு ஏற்ற விகிதத்தைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

ஒரு செய்முறைக் குறிப்பில் "வினையூக்கி 5 மோல் சதவீதம்" என்று இருந்தால் பெரும்பாலானவர்கள் அதை அப்படியே எடுத்துப் போடுகிறோம். ஏன் 5? ஒன்று போட்டால் வினை நடக்காதா? இருபது போட்டால் நாலு மடங்கு சீக்கிரம் முடியுமா? குறிப்பில் இதற்குப் பதில் இருப்பது அரிது. முதலில் போட்டுப் பார்த்த அளவு வேலை செய்தது, அதோடு யாரும் மேலே தேடவில்லை என்பதுதான் பல நேரங்களில் அந்த எண்ணின் வரலாறு.

இந்த விகிதம் பார்க்க ஒரே எண்தான், ஆனால் அதற்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, கலவையில் வினையூக்கியின் செறிவு. வேகத்தை முடிவு செய்வது அது. இன்னொன்று, வினை முடிவதற்குள் ஒவ்வொரு வினையூக்கி மூலக்கூறும் எத்தனை தடவை வேலை செய்தாக வேண்டும் என்பது. ஆயுளைச் சோதிப்பது அது. பாதியில் நின்ற வினையைப் பார்த்து "இன்னும் கொஞ்சம் போடுவோம்" என்று சேர்ப்பதற்கு முன், குறை வேகத்திலா ஆயுளிலா என்று தெரிந்துகொள்ள வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: விகிதத்தை மோலில் எழுதுங்கள்

மோல் சதவீதம் என்றால் 100 மோல் வினைபடுபொருளுக்கு எத்தனை மோல் வினையூக்கி என்பது. 10 மில்லிமோல் வினைபடுபொருளுக்கு 1 மோல் சதவீதம் பல்லேடியம் அசிடேட் வேண்டுமென்றால், 0.1 மில்லிமோல் தேவை. அதன் மோலார் நிறை சுமார் 224.5, ஆக 22.5 மில்லிகிராம் எடுக்க வேண்டும்.

கரியில் ஏற்றிய பல்லேடியத்தில்தான் கணக்கு தவறிப்போகும். புட்டியில் "10 சதவீதம்" என்று இருப்பது எடைச் சதவீதம். அதே 0.1 மில்லிமோல் பல்லேடியம் 10.6 மில்லிகிராம் உலோகம். அதைப் பெறக் கரியோடு சேர்த்து 106 மில்லிகிராம் பொடி எடுக்க வேண்டும். பாதுகாப்புக்காக அந்தப் பொடியைப் பாதி எடை தண்ணீரோடு விற்பதும் உண்டு. அப்படியென்றால் 213 மில்லிகிராம். புட்டியின் மேல் எழுதியிருப்பதை முழுதாகப் படிக்காமல் எடுத்தால், நீங்கள் போட்டதாக நினைக்கும் அளவில் பாதிதான் உள்ளே போயிருக்கும்.

ஒரு மூலக்கூறில் இரண்டு உலோக அணுக்கள் இருக்கும் வினையூக்கிகளிலும் கவனம் தேவை. ரோடியம் அசிடேட் அப்படி இரட்டையாக இருப்பது. 1 சதவீதம் என்பது மூலக்கூறுக்கா, ரோடியம் அணுவுக்கா என்று குறிப்பிலேயே எழுதி வையுங்கள். எடைச் சதவீதம் எப்படி ஏமாற்றும் என்பதற்குப் பயோடீசல் நல்ல உதாரணம். எண்ணெயின் எடையில் 1 சதவீதம் சோடியம் ஹைட்ராக்சைடு என்றால் சொற்பமாகத் தெரிகிறது. ஆனால் எண்ணெயின் சராசரி மோலார் நிறை 880 அளவில் இருக்க, சோடியம் ஹைட்ராக்சைடுக்கு 40தான். மோலில் பார்த்தால் அது 22 சதவீதம்.

படி 2: செறிவைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்

வினைவேகம் வினையூக்கிக்கும் வினைபடுபொருளுக்கும் முதல் வகையாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது வேகம் என்பது வேக மாறிலி, வினையூக்கிச் செறிவு, வினைபடுபொருள் செறிவு மூன்றின் பெருக்கல். இதில் விகிதம் என்ற ஒன்று எங்கேயும் வரவில்லை.

வினைபடுபொருள் 0.1 மோலார், வினையூக்கி 0.001 மோலார். விகிதம் 1 சதவீதம். இப்போது கரைப்பானை மட்டும் பத்து மடங்காக்குங்கள். விகிதம் அதே 1 சதவீதம்தான். ஆனால் இரண்டு செறிவும் பத்தில் ஒரு பங்கு ஆகிவிட்டதால் தொடக்க வேகம் நூறில் ஒரு பங்காகக் குறையும். பாதி வினை முடிய ஆகும் நேரம் பத்து மடங்காகும். மறுபக்கம், வினையூக்கியை 0.001 மோலாரிலேயே வைத்துக்கொண்டு வினைபடுபொருளை 0.2 மோலாராக உயர்த்துங்கள். விகிதம் 0.5 சதவீதமாகப் பாதியாகிவிட்டது. ஆனாலும் பாதி வினை முடியும் நேரம் மாறாது, ஏனென்றால் இந்த வகை வினையில் அந்த நேரம் வினையூக்கியின் செறிவை மட்டுமே பார்க்கிறது.

ஆகவே "0.5 சதவீதத்தில் ரொம்ப மெதுவாக இருக்கிறது" என்றால், வினையூக்கியைக் கூட்டுவதற்கு முன் கரைப்பானைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். செலவில்லாத வழி. கரைதிறனும் வெப்பமும் இடம் கொடுத்தால் நான் எப்போதும் முதலில் தொடுவது கரைப்பானைத்தான்.

படி 3: எது மாறாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

வினையூக்கி கிளர்வு ஆற்றல் குறைந்த வேறு பாதையைத் திறக்கிறது. முன்னோக்கு வினை, பின்னோக்கு வினை இரண்டுக்கும் அதே பாதைதான். எனவே எவ்வளவு போட்டாலும் சமநிலையின் இடம் நகராது. அங்கே போய்ச் சேரும் நேரம்தான் குறையும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 10 மி.லி. எடுத்து, 0.1 மோலார் பொட்டாசியம் அயோடைடு கரைசலை ஒன்றில் 1 மி.லி., அடுத்ததில் 2, மூன்றாவதில் 4 என்று சேர்க்க வேண்டும். மூன்றிலும் தண்ணீர் ஊற்றி மொத்தக் கன அளவை 20 மி.லி.க்குக் கொண்டுவர மறக்காதீர்கள், இல்லையென்றால் செறிவு ஒப்பீடு கெட்டுவிடும். வெளிவரும் ஆக்சிஜனைத் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்த அளவு உருளையில் பிடித்து, 30 வினாடிக்கு ஒரு முறை அளவைக் குறியுங்கள். தொடக்கத்தில் கோடுகளின் சாய்வு ஏறத்தாழ 1:2:4 என்று வரும். கடைசியில் மூன்றும் ஒரே உயரத்தில் போய் நிற்கும்: அறை வெப்பநிலையில் சுமார் 105 முதல் 110 மி.லி. அந்த உயரத்தைத் தீர்மானிப்பது பெராக்சைடு மட்டுமே. கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், இதையே 30 சதவீதப் பெராக்சைடில் செய்து பார்க்கக் கூடாது, வெப்பம் கையை மீறிப் போகும்.

இங்கே விதிவிலக்கு போலத் தோன்றும் ஒன்று உண்டு. அசிட்டிக் அமிலமும் எத்தனாலும் சம மோலில் சேர்ந்து எத்தில் அசிடேட் ஆகும்போது சமநிலை மாறிலி சுமார் 4. அதாவது மூன்றில் இரண்டு பங்கு மாறியதும் வினை நின்றுவிடும். சில துளி அடர் கந்தக அமிலம் போட்டால் அங்கே சீக்கிரம் போய்ச் சேரலாம், அவ்வளவுதான். ஆனால் நிறைய ஊற்றினால் விளைச்சல் கூடுகிறது. காரணம், அந்த அளவில் அமிலம் உருவாகும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் கூடுதல் அமிலம் வினையூக்கி வேலை பார்க்கவில்லை; நீருறிஞ்சி வேலை பார்க்கிறது.

படி 4: நான்கு அளவுகளில் ஓட்டி, வரைபடத்தைப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். வெப்பநிலை, கன அளவு, கலக்கும் வேகம், வினைபடுபொருள் எல்லாம் ஒன்றாக இருக்க, வினையூக்கியை மட்டும் 0.25, 0.5, 1, 2 மோல் சதவீதம் என்று மாற்றுங்கள். வினையூக்கியே இல்லாமலும் ஒன்று ஓட்டுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். முதல் 10 சதவீத மாற்றத்துக்குள் தொடக்க வேகத்தை அளந்து, வினையூக்கி அளவுக்கு எதிராகப் புள்ளி வையுங்கள்.

புள்ளிகள் பூச்சியத்தின் வழியாக நேர்கோட்டில் வந்தால் நல்லது. வினையூக்கிக்கு முதல் வகை. இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கும்.

கோடு நேராக இருந்து, ஆனால் வேக அச்சில் பூச்சியத்துக்கு மேலே வெட்டினால், வினையூக்கி இல்லாமலேயே ஒரு பகுதி நடக்கிறது. வேகம் மட்டும் முக்கியமென்றால் இது ஒரு குறையே இல்லை. ஆனால் வலக்கை, இடக்கை வடிவங்களில் ஒன்றை மட்டும் தர வேண்டிய வினையில் இது விளைச்சலின் தரத்தையே கெடுக்கும். 10 சதவீத வினையூக்கியில் ஊக்கிய பாதை, ஊக்காத பாதையைவிட 19 மடங்கு வேகம் என்று வையுங்கள். வினையூக்கி ஒரே வடிவத்தையும், ஊக்காத பாதை சுழிமாய்க் கலவையையும் (இரண்டு வடிவமும் பாதிப் பாதி) தந்தால், எனன்சியோமர் மிகுதி, அதாவது ஒரு வடிவம் மற்றதைவிட எவ்வளவு மிகுதி என்பது, 95 சதவீதம். இப்போது சிக்கனமாக 1 சதவீதம் போடுகிறோம். ஊக்கிய பாதை 1.9 மடங்குதான்; மிகுதி 66 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வினையூக்கி அதேதான், அதன் தெரிவுத்தன்மையும் அதேதான். விகிதம் மட்டும்தான் மாறியது.

கோடு வினையூக்கி அச்சில், அதாவது வலப்பக்கம் தள்ளி வெட்டினால், ஏதோ ஒரு மாசு வினையூக்கியைக் கட்டிப்போடுகிறது. கந்தகச் சேர்மங்கள் உலோகங்களுக்கு இதைச் செய்யும். தண்ணீர் லூயி அமிலங்களுக்கு (அலுமினியம் குளோரைடு போல எலக்ட்ரான் இணையை ஏற்பவை) செய்யும். 0.3 மோல் சதவீத வினையூக்கியை விழுங்கும் அளவு மாசு இருந்தால், 0.25 போட்ட குடுவையில் எதுவுமே நடக்காது. 0.5 போட்டதில் 0.2 மிஞ்சும், 1 போட்டதில் 0.7 மிஞ்சும். இரண்டு மடங்கு போட்டதற்கு மூன்றரை மடங்கு வேகம்! இரண்டு புள்ளிகளை மட்டும் வைத்துப் பார்ப்பவர் இதை இரண்டாம் வகை வினை என்றே எழுதிவிடுவார். நான்கு புள்ளி கேட்பது இதனால்தான். மாசைச் சுத்தம் செய்தால் குறைந்த அளவே போதும் என்ற செய்தியும் அதே கோட்டில் இருக்கிறது.

உண்மையாகவே மேல்நோக்கி வளையும் கோடுகளும் உண்டு. வேதியியலாளர் எரிக் ஜேக்கப்சன் குழு ஆராய்ந்த ஒரு வினையில், குரோமியம் சாலென் என்ற வினையூக்கி எபாக்சைடின் மூன்றணு வளையத்தை அசைடு கொண்டு திறக்கிறது; அதில் வேகம் வினையூக்கிச் செறிவின் இருபடியைப் பொறுத்தது. ஒரு வினையூக்கி எபாக்சைடைப் பிடிக்க, இன்னொன்று அசைடைக் கொண்டுவந்து தருகிறது. இரண்டும் சேர்ந்துதான் வேலை. இப்படிப்பட்டவற்றில் அளவைப் பாதியாக்கினால் வேகம் கால்வாசியாகிவிடும்.

கீழ்நோக்கி வளைந்து தட்டையாவதுதான் அடிக்கடி பார்ப்பது. காரணங்கள் பல. வினையூக்கி இரண்டிரண்டாகச் சேர்ந்து செயலற்ற இணைகளாக மாறினால் வேகம் வர்க்கமூலமாக ஏறும், இரட்டித்தால் 1.4 மடங்குதான். வினையூக்கி முழுதாகக் கரையாமல் அடியில் கிடக்கலாம். ஒளிவினையூக்கியில் டைட்டானியம் டை ஆக்சைடு துகள்கள் ஒரு அளவுக்கு மேல் ஒன்றுக்கொன்று நிழலாகிவிடும். ஹைட்ரஜனேற்றத்தில், வாயு திரவத்துக்குள் கரையும் வேகத்தைவிட வினையூக்கி அதை வேகமாகத் தின்னத் தொடங்கும். அதற்கு மேல் போடும் உலோகம் பட்டினியாக உட்கார்ந்திருக்கும். கண்டுபிடிக்கும் வழி சுலபம்: கலக்கும் வேகத்தைக் கூட்டிப் பாருங்கள். வினைவேகம் ஏறினால் நீங்கள் அளந்துகொண்டிருப்பது வேதியியலை அல்ல, வாயு கரையும் வேகத்தை.

படி 5: ஆயுளைக் கணக்கிடுங்கள்

ஒரு வினையூக்கி மூலக்கூறு மொத்தம் எத்தனை வினைபடுபொருள் மூலக்கூறுகளை மாற்றியது என்பதே சுழற்சி எண். 1 மோல் சதவீதத்தில் வினை முழுதாக முடிய ஒவ்வொன்றும் 100 தடவை சுற்ற வேண்டும், 0.01 சதவீதத்தில் 10,000 தடவை. நடுவில் வினையூக்கி சிதையத் தொடங்கினால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பலனில்லை.

எண்ணில் பார்ப்போம். வினையும் முதல் வகை, வினையூக்கியின் சிதைவும் முதல் வகை என்றால், 1 சதவீதத்தில் 90 சதவீதம் மாறி நின்றுபோகும் வினை, அரை சதவீதத்தில் 68இல் நிற்கும். 2 சதவீதத்தில் 99 வரை போகும். விகிதத்தால் வினை முடியும் இடமே மாறுவது இங்கேதான். இதைச் சமநிலை என்று தவறாக எண்ணுவது சகஜம்.

வினை நின்றுவிட்டதா? குடுவையிலிருந்து இரண்டு பகுதிகளை எடுங்கள். ஒன்றில் புதிய வினையூக்கி சேருங்கள், மற்றதில் புதிய வினைபடுபொருள். வினையூக்கி சேர்த்ததும் மறுபடி ஓடினால், பழையது செத்துவிட்டது அல்லது விளைபொருளிடம் சிக்கியிருக்கிறது. அதற்கு அசையாமல், வினைபடுபொருள் சேர்த்ததும் ஓடினால், வினையூக்கி உயிரோடுதான் இருக்கிறது. கலவை சமநிலைக்கு வந்திருக்கிறது. இரண்டுக்கும் அசையவில்லையென்றால் கலவையில் நச்சு ஏதோ சேர்ந்திருக்கிறது. முதலில் அதைத் தேடுங்கள்.

நின்றுபோகும் முன்பே தெரிந்துகொள்ளவும் வழி உண்டு. நொதிகளுக்காக 1965இல் செல்வின் சொன்னது: வெவ்வேறு நொதி அளவுகளில் எடுத்த விளைபொருள் அளவுகளை நேரத்துக்கு எதிராக வரையாமல், நொதிச் செறிவை நேரத்தால் பெருக்கிய எண்ணுக்கு எதிராக வரையுங்கள். எல்லாக் கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் நொதி நிலையாக இருக்கிறது. குறைந்த அளவுக் கோடு கீழே விலகினால் அது செயலிழந்துகொண்டிருக்கிறது. ஜோர்டி புரேஸ் 2016இல் இதே எண்ணத்தைப் பொது வினையூக்கிகளுக்கு விரித்தார்: செறிவின் அடுக்கை மாற்றிக்கொண்டே போய், எந்த அடுக்கில் கோடுகள் படிகின்றனவோ அதுவே வினையூக்கியின் வகை. விரிதாளில் சில நிமிட வேலை. கிடைக்கும் தகவலோ அதிகம்.

படி 6: நொதி என்றால் வினைபடுபொருள் பக்கத்தையும் பாருங்கள்

மிக்கேலிஸ், மென்டன் இருவரும் 1913இல் தந்த சமன்பாட்டின்படி, வினைபடுபொருள் செறிவு மிக்கேலிஸ் மாறிலிக்குச் சமமாக இருக்கும்போது உச்ச வேகத்தில் பாதி கிடைக்கும். 9 மடங்கில் 90 சதவீதம். அதற்கு மேல் வினைபடுபொருளைக் கொட்டினாலும் வேகம் பெரிதாகக் கூடாது, நொதி ஏறத்தாழ முழுதும் ஏற்கெனவே பிடிபட்டிருக்கிறது. அங்கே வேகத்தை ஏற்ற நொதியைக் கூட்டுவது ஒன்றே வழி. நொதி அளவுக்கும் வேகத்துக்கும் நேர்விகிதம் வேண்டுமென்று சோதனை வடிவமைப்பவர்கள், வினைபடுபொருளை நொதியைவிட மிக மிக அதிகமாக வைத்து, தொடக்க வேகத்தை மட்டும் எடுக்க வேண்டும். நொதி அதிகமாகிவிட்டால் முதல் அளவீட்டுக்கு முன்பே வினைபடுபொருள் தீர்ந்துபோய்க் கோடு தட்டையாகத் தெரியும்.

படி 7: அதிகமாகப் போட்டால் என்ன கெடும் என்று முன்கூட்டியே பாருங்கள்

அரைல் ஹாலைடையும் ஆல்கீனையும் இணைக்கும் ஹெக் வினையில், ஈனி (உலோகத்தைப் பிடித்து நிலைப்படுத்தும் மூலக்கூறு) இல்லாத பல்லேடியம் இதற்கு மிக அழகான சாட்சி. அரைல் புரோமைடுகளோடு 0.01 முதல் 0.1 மோல் சதவீதத்தில் அது நன்றாக ஓடுகிறது. அளவைக் கூட்டினால் பல்லேடியம் அணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கறுப்புப் பொடியாகக் கீழே விழுந்து, வினை நிற்கிறது. வினையில் ஈடுபட ஓர் அணு போதும், கட்டியாவதற்கோ அணுக்கள் பல சேர வேண்டும். ஆகவே செறிவு கூடும்போது கட்டியாவது மட்டும் இன்னும் வேகமாகக் கூடுகிறது. குறைத்தால்தான் நடக்கும் என்ற வினையும் உண்டு என்பதை மனதில் வையுங்கள்.

பயோடீசலில் காரம் கூடினால் சோப்பு உண்டாகி, கிளிசரின் பிரியாமல் கலவை குழம்பிவிடும். குறைத்தாலும் சிக்கல்தான்: எண்ணெயில் எடைக்கு 2 சதவீதம் கொழுப்பு அமிலம் இருந்தாலே, நாம் போட்ட 1 சதவீதக் காரத்தில் கால் பங்குக்கு மேல் அதை நடுநிலையாக்கவே செலவாகிவிடும். அதனால் முதலில் எண்ணெயைத் தரம் பார்த்து (டைட்ரேஷன் செய்து), அமிலத்துக்கு வேண்டிய காரத்தைத் தனியாகக் கூட்டிப் போடுகிறார்கள்.

அப்புறம் வெப்பம். வெப்பம் உமிழும் வினையில் வினையூக்கியை இரட்டித்தால், அதே வெப்பம் பாதி நேரத்தில் வெளிவரும். சிறு குடுவையில் தெரியாது. பெரிய கலனில் கன அளவுக்குப் பரப்பு குறைவு என்பதால் குளிர்விக்க முடியாமல் போகும். மருந்து தயாரிப்பில் எச்சமும் கணக்கில் வரும்: மருந்துகளில் உலோக மாசுக்கான ஐசிஎச் க்யூ3டி என்ற சர்வதேச வழிகாட்டுதல் வாய்வழி மருந்தில் பல்லேடியத்துக்கு நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம்தான் அனுமதிக்கிறது. கூடுதலாகப் போட்ட ஒவ்வொரு மில்லிகிராமையும் பின்னால் பிரித்தெடுத்தாக வேண்டும்.

பெயருக்கு வினையூக்கி, அளவிலோ வினைபடுபொருள்

ஃபிரீடல்–கிராஃப்ட்ஸ் வினையில் பென்சீனோடு ஆல்கைல் தொகுதியைச் சேர்க்க அலுமினியம் குளோரைடு சிறிதளவு போதும். அசைல் தொகுதியைச் சேர்க்க ஒரு சமானத்துக்கு (வினைபடுபொருளின் மோலுக்குச் சமமான அளவுக்கு) மேல் வேண்டும். உருவாகும் கீட்டோன் அலுமினியத்தை இறுகப் பிடித்துக்கொள்வதால் அது திரும்பி வருவதில்லை. அசைல் குளோரைடுக்குப் பதில் அமில நீரிலியை (அன்ஹைட்ரைடு) பயன்படுத்தினால் இரண்டு சமானத்துக்கும் மேல். இதை அறியாமல் 10 சதவீதம் போட்டுவிட்டுக் காத்திருந்தால், 10 சதவீதத்தை ஒட்டிய விளைச்சல்தான் கிடைக்கும். விளைச்சல் வினையூக்கியின் சதவீதத்துக்குச் சமமாக வருகிறதென்றால், சுழற்சியே நடக்கவில்லை என்று பொருள்.

படி 8: அளவைத் தேர்ந்தெடுங்கள், பிறகு இறக்குங்கள்

புதிய வினை என்றால் உலோகம் இல்லாத கரிம ஊக்கிகளுக்கு 10 முதல் 20 மோல் சதவீதம், ஈனி கொண்ட உலோகங்களுக்கு 1 முதல் 5 என்று தொடங்குவது நியாயம். பெஞ்சமின் லிஸ்ட், புரோலின் என்ற அமினோ அமிலத்தை வினையூக்கியாகக் கொண்டு ஆல்டால் வினையை நடத்திய, 2021 நோபல் பரிசுக்கு வழிவகுத்த ஆய்வை 2000இல் வெளியிட்டபோது அதில் போட்டது 30 மோல் சதவீதம். விலை குறைந்த, பிரிக்கச் சுலபமான ஊக்கிக்கு அந்த அளவு தவறே இல்லை. மறுமுனையில், ஜப்பானிய வேதியியலாளர் நொயோரியின் ரூத்தேனியம் வினையூக்கி அசிட்டோபீனோனை ஹைட்ரஜனேற்றியதில் ஒரு மூலக்கூறு 24 லட்சம் தடவை சுற்றியது. சுமார் 600 கிராம் பொருளுக்கு 2 மில்லிகிராமை ஒட்டிய வினையூக்கி. மெட்டோலாக்குளோர் களைக்கொல்லித் தயாரிப்பில் இரிடியம் வினையூக்கி தொழிற்சாலை அளவிலேயே 10 லட்சத்துக்கு ஒன்று என்ற விகிதத்தைத் தாண்டியது.

வேலை செய்யும் அளவு கிடைத்ததும் அதைப் பாதியாக்கி, மறுபடி பாதியாக்கி இறங்குங்கள். ஒவ்வொரு இறக்கத்திலும் முழு மாற்றத்துக்கு ஆகும் நேரத்தையும் தெரிவுத்தன்மையையும் குறியுங்கள். நேரம் மட்டும் இரட்டித்தால் இன்னும் இறங்கலாம். இறுதி மாற்றம் குறையத் தொடங்கினால் ஆயுள் எல்லை வந்துவிட்டது. அதற்கு ஒரு படி மேலே நின்று, வினைபடுபொருளைச் சுத்தம் செய்து, கரைப்பானிலிருந்து காற்றை நீக்கி, அதே அளவை மறுபடி ஓட்டிப் பாருங்கள். நல்ல வினையூக்கியாக இருந்தால் எல்லை இன்னும் கீழே போகும். பிறகு உங்கள் வினைபடுபொருளின் அடுத்த தொகுதி வந்ததும் அதில் ஒரு சிறு குடுவை ஓட்டாமல் பெரிய அளவுக்குப் போகாதீர்கள், ஏனென்றால் 0.05 சதவீதத்தில் ஓடும் வினைக்கு 0.05 சதவீத மாசே முழு நிறுத்தம்.